பிடித்துப் பார்த்த கை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்கிறாய், என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறாய். எடுக்காமலே இருந்தாலாவது ஆளில்லை என்று நினைத்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, நீ கிழித்துப் போட்டால்தான் உண்டு.

போன வாரம் நீ எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவாய் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆளை வரச் சொன்னேன், கதவைத் தள்ளிக்கொண்டு நீ நின்றாய். இந்தப் பக்கத்தில் நரம்பைச் சோதிக்கிற மெஷின் ஒன்றுதான், அதை ஓட்டுவது உன் அக்காதான் என்பது உனக்குத் தெரியாததா? தெரிந்துதானே வந்தாய். சரி, அவனே பேசட்டும் என்று காத்திருந்தேன். நீயும் அதையே நினைத்துக் காத்திருந்தாய் போல. கடைசிவரை மெஷின் மட்டும்தான் பேசியது.

டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே நீ எழுந்து போய்விட்டாய் என்று நர்ஸ் சொன்னாள். அதனால் நான் சொல்கிறேன். உன் கை நரம்பில் சமிக்ஞை போகிற வேகம் நொடிக்கு முப்பத்து மூன்று மீட்டர். நல்ல நரம்பில் ஐம்பதுக்கு மேல் இருக்கும். அப்பாவுக்கு இருபத்தைந்து. அப்பாவின் நோய் டாக்டருக்குத் தெரியும், அதனால் 'அதுவே போலிருக்கிறது' என்று எழுதிவிட்டார். 'போலிருக்கிறது' என்பதைக் கவனி. உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. பெரிய டாக்டர் லீவிலிருந்து வந்ததும் அதற்கு எழுதித் தரச் சொல்கிறேன்.

போன வருஷம் அப்பா இறந்த அன்று உன் மனைவி முன்னால் நான் சொன்னது தப்பென்றால் தப்புத்தான். "இது அப்பாகிட்டேருந்து பிள்ளைங்களுக்கு வர்றது, நீயும் டெஸ்ட் பண்ணிக்கோ" என்றேன். ஆனால் அது பொய் இல்லை. அப்பாவுக்கு லாரியில் அடிபட்ட கால் என்று நம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வந்தோமே, அதுதான் பொய்.

உன் பெண், நம் தவளை, எப்படி இருக்கிறாள்? அத்தை ஏன் வரவில்லை என்று கேட்கிறாளா, மறந்துவிட்டாளா?

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். இவள் பிடுங்கிக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதினா ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிட்டு இருந்துதானே ஆகணும்? எழுதுங்க" என்றாள். உன் தம்பி மனைவியின் உத்தரவு. அதனால் எழுதுகிறேன், ஆசைப்பட்டு இல்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் கட்டிக் காத்த பொய்யை நீ ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தாய். அதுவும் உன் ஆஸ்பத்திரிக் குரலில். அடுத்தவர் ரிப்போர்ட்டைப் படிப்பது மாதிரி. எல்லோரும் போன பிறகு இவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பாப்பாவுக்கு?" அதற்குப் பதில் தெரியாமல்தான் ஒரு வருஷம் இழுத்தடித்தேன். தெரிந்துகொள்ளத்தான் உன்னிடம் வந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு இருந்தால் அவளுக்குப் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிட்டுக் கீழே விழுகிற வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தவளை என்று பெயர் வைத்தது நீ. இப்போது அவள் தாவுவதில்லை. நான் விடுவதில்லை. மாடிப்படியில் நான்தான் தூக்கி இறக்குகிறேன். ஸ்கூல் வாசல் வரை இடுப்பில்தான். ஆறு வயசுப் பெண்ணை இப்படியா தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சைக்கிளைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டேன். முன்பெல்லாம் அவள் விழுந்தால் முகத்தைப் பார்ப்பேன், அழுகிறாளா என்று. இப்போது காலைப் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் விளக்கமாகச் சொல். கரண்ட் என்கிறாய், வேகம் என்கிறாய். உடம்புக்குள் எங்கே இருக்கிறது ஒயர்? அப்பாவுக்கு அது அறுந்துபோனதா, தேய்ந்துபோனதா? எங்கள் கோல்ட் ஸ்டோரேஜ் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "தூரம் அதிகமானா வோல்டேஜ் குறையும் சார், அதுவா இருக்கும்" என்றான். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. என் பெண்ணின் காலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது தப்பு, ஆனால் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். நரம்பு ஒயர் இல்லை. ஒயரில் தூரம் போகப் போக வோல்டேஜ் குறையும். நரம்பில் அப்படி இல்லை. முதுகுத்தண்டில் கிளம்பிய சமிக்ஞை கால் விரலுக்கு வந்து சேரும்போதும் கிளம்பிய அதே அளவில்தான் இருக்கும். வழி நெடுக அது புதிது புதிதாகப் பிறந்துகொண்டே வருகிறது.

எப்படி என்று சொல்கிறேன். நரம்புச் செல்லிலிருந்து ஒரு நீள இழை கிளம்பும். முதுகுத்தண்டில் இருக்கிற செல்லின் இழை பாதம் வரை வரும், அவ்வளவு நீளம். இழைக்கு உள்ளேயும் உப்புத் தண்ணீர், வெளியேயும் உப்புத் தண்ணீர். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு சும்மா வந்ததில்லை. இழையின் சவ்வில் இருக்கிற குட்டிக் குட்டிப் பம்புகள் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. பொட்டாசியம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அதனால் நரம்பு சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின்னாக இருக்கும். ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு.

சவ்வில் கதவுகள் இருக்கின்றன, சோடியத்துக்குத் தனி, பொட்டாசியத்துக்குத் தனி. லேசாகத் தட்டினால் சோடியக் கதவுகள் அசையாது. தட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொடாத தட்டு வந்த சுவடு தெரியாமல் அடங்கிவிடும். தொட்டுவிட்டால் அரைகுறை என்ற பேச்சே இல்லை. கதவுகள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், அந்த இடம் ஒரு கணம் நேர்மின்னாகும். அதுவே பக்கத்துக் கதவுக்குத் தட்டாகிறது. அது திறக்கிறது, அதற்கு அடுத்தது திறக்கிறது. திறந்த கதவு உடனே பூட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரத்துக்கு யார் தட்டினாலும் திறக்காது. அதனால் சமிக்ஞை வந்த வழியே திரும்ப முடியாது. பின்னாலேயே பொட்டாசியம் வெளியே போய் அந்த இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இத்தனையும் நீ கண்ணை இமைக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

பெரிய வலி என்றால் பெரிய சமிக்ஞை என்று நினைத்துவிடாதே. எல்லாம் ஒரே அளவுதான். வலி கூடினால் அடிக்கடி வரும். உன் மனைவி உன்னைக் கூப்பிடுவது போல, குரல் ஏறாது, தடவை ஏறும்.

இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனால் நேரமாகும். அதனால் இழையைச் சுற்றிப் பல சுற்றாக ஒரு கொழுப்பு உறை. நடுநடுவே உறையில்லாத சின்ன இடைவெளிகள். கதவுகள் அங்கேதான் குவிந்திருக்கும். சமிக்ஞை ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிப் போகும். நம் தவளை படி தாவுவது போல என்று கை எழுதப் போயிற்று. எழுதியே விட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு எதுவும் அறுந்து போகவில்லை. பிறவியிலேயே அந்த உறை சரியாக அமையவில்லை. தாவ முடியாததால் வேகம் குறைகிறது. வருஷங்கள் போகப் போக உள்ளே இருக்கிற இழையும் நலிந்துவிடும். நீளமான இழைகளுக்குத்தான் முதல் அடி, அதனால்தான் முதலில் பாதம், அப்புறம் விரல். கண்டக்டராக இருந்தபோது பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க வராமல் "என்ன மட்டமான பேப்பர் குடுக்கிறாங்க" என்று அப்பா திட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? பேப்பர் நல்ல பேப்பர்தான்.

இன்னும் ஒன்று. இவ்வளவு தூரம் வந்த சமிக்ஞை கடைசியில் தசையைத் தொடுவதில்லை. நரம்பு முடிகிற இடத்துக்கும் தசைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. கரண்ட் அங்கே நின்றுவிடும். நரம்பு ஒரு ரசாயனத்தை அந்த இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொண்டால்தான் விரல் அசையும். நம் வீட்டில் இப்போது அந்த வேலையைத் தபால்காரர் பார்க்கிறார்.

சைக்கிளை இறக்கிக் கொடு. அவளுக்கு இருந்தாலும் இருக்கட்டும். ஓட்ட முடிகிற காலத்தில் ஓட்டட்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கோல்ட் ஸ்டோரேஜில் மூன்று பேர் படித்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க அக்கா சொல்றது சரிதான் சார், ஆனா ஒயர் இல்லாத கரண்ட்டுன்னா மனசு ஒப்பலை" என்றான். எனக்குக் கதவு புரிந்தது. நாள் முழுக்க அதோடுதானே மல்லுக்கட்டுகிறேன். எங்கள் ஃப்ரீசர் அறைக் கதவுச் சட்டத்தில் ஒரு ஹீட்டர் கம்பி ஓடும். அது பழுதானால் ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கதவு லேசில் திறக்காது. நம் பரம்பரைக் கதவுக்கும் ஒரு ஹீட்டர் போட்டுத் தருவார்களா என்று உன் பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்.

விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. சைக்கிளை இறக்கிக் கொடு என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். உனக்கென்ன, விழுந்தால் பதறுவதற்கு ஒரு குழந்தை இல்லை. ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். நான் போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன். "ஏன் சார், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் கேட்டார். இல்லை என்றேன், உடனே ஆமாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று சாப்பிடும்போது தவளை அவள் அம்மாவிடம் கேட்கிறாள், "எனக்கு என்னம்மா ஆச்சு?"

ஒரு கேள்வி கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. அப்பாவுக்கு நாம் இரண்டு பேர். எனக்குப் பாதிக்குப் பாதி என்றால் உனக்கும் அதே கணக்குத்தான். அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊரார் நரம்பையெல்லாம் அளக்கிறாய். உன்னுடையதை அளந்தாயா?

மனசில் வைத்துப் புழுங்குவதைவிட இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குக் காலை ஷிப்ட். கையுறை கிழிந்திருந்தது. அதோடே ஃப்ரீசரில் நின்று சரக்கை அடுக்கிவிட்டு, மழையில் பைக்கில் நேரே உன்னிடம் வந்தேன். நீ என் கையை எடுத்து உன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாய். ரொம்ப நேரம் வைத்திருந்தாய். வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை ஐஸ் மாதிரி இருந்தது, என் விரல் எனக்கே மரத்துப்போயிருந்தது. 'ஏண்டா கை இப்படி இருக்கு?' என்று கேட்பாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நம் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். நீ கையைக் கீழே வைத்துவிட்டு மெஷின் ஒயர் கோத்த உன் வில்லைகளை ஒட்ட ஆரம்பித்தாய். இவ்வளவு கல் நெஞ்சு உனக்கு எங்கிருந்து வந்தது, அக்கா?

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

உன் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டேன். அவள் அழுத அழுகையில் பாதி காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் சோதனை செல்லாது. குளிர்ந்த நரம்பை அளக்கக் கூடாது. குளிரில் அந்தக் கதவுகள் மெதுவாகத் திறக்கும், மெதுவாக மூடும். உன் ஃப்ரீசர் கதவைப் பற்றி நீ கிண்டலாக எழுதியதுதான். கையில் ஒரு டிகிரி சூடு இறங்கினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இறங்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து கிழிந்த கையுறையோடு மழையில் வந்த கைக்கு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். வில்லை ஒட்டும் முன் கை சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதற்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நான் எடுப்பதில்லை. "கையைப் பிடிச்சாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

அன்றைய பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் அலைகள் குட்டையாக இருக்கும். உன் அலைகள் உயரமாக, அகலமாக இருக்கின்றன. கதவு மூடத் தாமதமானால் அலை அப்படித்தான் பெருக்கும். கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டாக்டரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தோம், அப்பாவை நினைத்தோம், முடிவு கட்டிவிட்டோம்.

லீவு போட்டுவிட்டு வா. முதல் நாளும் ஃப்ரீசர் பக்கம் போகாதே. புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் சோதிப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். ஆசையை ரொம்ப வளர்த்துக்கொள்ளாதே. தவளையிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் எழுதுகிறேன். கல் நெஞ்சு இல்லை, தம்பி. அது வேறு.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

ஐம்பத்தாறு. இவள் அதைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் என்ன சொல்வாளோ, தெரியவில்லை. காலும் சரியாக இருக்கிறது, எனக்கு அந்த நோய் இல்லை, எனக்கு இல்லாததால் குழந்தைக்கும் என் வழியில் வராது என்று பெரிய டாக்டர் சொன்னபோது நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம் என்றுவிட்டார். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாய், திறந்திராத ஜன்னலை.

தவளையைப் படியில் இறக்கிவிட்டேன். பழகிய கை, இரண்டு படிக்கு ஒருமுறை அவளிடம் தானாகப் போகிறது. ஆனால் அவள் தாவவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள், வயசானவர்கள் மாதிரி. இதை அவளுக்கு எந்த நோயும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சைக்கிள் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. அவளும் கேட்கவில்லை.

நான் எழுத வந்தது வேறு. சோதனைக்கு முன்னால் என் கையைச் சூடாக்க பக்கெட்டில் வெந்நீர் வைத்தீர்களே. நீ உன் கையை விட்டுப் பார்த்து, "சரியா இருக்கு, வை" என்றாய். வைத்த வேகத்தில் எடுத்தேன். நான் போட்ட கூச்சல் வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பெண் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். "நரம்பு வேலை செய்யுதுன்னு இதிலேயே தெரிஞ்சு போச்சு, மெஷின் எதுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். உன் கை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. நீ அதைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய்.

பஸ்ஸில் வரும்போது இவள் கேட்டாள், "அக்காவுக்கு மட்டும் ஏன் சுடலை?"

அக்கா, அன்று ஐஸ் மாதிரி இருந்த கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று திட்டி எழுதினேன். உனக்கு அது தெரியவே இல்லையா? அப்புறம் எழுதுகிறேன் என்றாயே, இப்போது எழுது. கல் நெஞ்சு என்று எழுதியதை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம். எனக்கு இருக்கிறது.

ஐஸ் மாதிரி இருந்தது என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ்கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, கனம் தெரிந்தது. குளிர் தெரியவில்லை. கரைந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அங்கே சில்லென்று இருந்தது. அங்கே வந்த பிறகுதான் அது ஐஸ் என்பதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆள் வரும் முன் போய் என் கையிலேயே வில்லைகளை ஒட்டிக்கொண்டேன். இருபத்தெட்டு. இந்தத் தடவை தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்த்தேன், கை சூடாகத்தான் இருந்தது. முப்பத்து மூன்று என்ற எண் உனக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. என் கை செய்த கோளாறில் என்னுடைய நோய் உன் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. இரண்டு மாதம் நீ உன் குழந்தையைச் சுமந்தாய், அவள் சுவரைப் பிடித்துப் படி இறங்கப் பழகினாள். அதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் போதாது.

இத்தனை வருஷம் ஏன் அளக்கவில்லை என்று கேட்பாய். படிக்கிற காலத்தில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் சோதித்துத்தான் பழகுவோம். என் கையைக் கொடுக்க வேண்டிய அன்று நான் லீவு போட்டேன். அதற்கப்புறம் தினமும் வேறு யாருடைய கையோ இருந்தது, என்னுடையதைக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் வேலை வேலை என்று தட்டிக் கழித்தேன். கொஞ்ச நாளாக ஊக்கு கையில் நிற்பதில்லை, நழுவி நழுவி விழும். "என்ன மட்டமான ஊக்கு" என்று திட்டுவேன். ஒரு நாள் திட்டும்போது அது அப்பாவின் குரலாகவே கேட்டது. அப்போதும் ஊக்கைத்தான் மாற்றினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, அப்பா போனதும் இதயத்தால்தான், இதனால் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது பயமாக இருக்கிறது. அதோடு ஒரு நிம்மதியும் இருக்கிறது, அதைச் சொன்னால் நீ திட்டுவாய். இரண்டு பேரில் ஒருவருக்கு என்றால், அது குழந்தை இல்லாத எனக்கு வந்ததே என்று இருக்கிறது.

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வேலை தொடரலாம் என்றார். தெர்மாமீட்டரை மேஜை மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இனிமேல் நம் வீட்டில் லாரி கிடையாது. யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லப் போகிறேன்.

நீ கல் நெஞ்சு என்று எழுதியதை அழிக்க வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள். நான் எல்லோர் கையையும் அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. அன்று குளிர்தான் தெரியவில்லை, பிடித்திருந்தது யார் கை என்று தெரிந்தது. என் கையில் உணர்வு முழுசாகப் போகவில்லை, தம்பி. இழைகள் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். லேசாகத் தொட்டால் தெரியாது. கெட்டியாகப் பிடித்தால் தெரிகிறது.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

இந்தத் தடவை உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. இவளுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் அவளே வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, "கிளம்புங்க, நேர்ல போவோம். இதுக்கெல்லாம் தபால் எழுதிட்டு இருக்க முடியாது" என்றாள். சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம்.

நிம்மதி என்று எழுதியதற்குத் திட்டுவேன் என்று சொன்னாய். நேரில் திட்டுகிறேன். இரண்டு மாதம் 'எனக்கு இருக்கக் கூடாது, எனக்கு இருக்கக் கூடாது' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நீ நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது சந்தோஷப்பட்டால் குற்றமாக இருக்கிறது, படாமலும் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் உன்னைவிடப் பெரிய கல் நெஞ்சுக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை இறக்கித் துடைத்து, காற்றடித்துக் கொடுத்தேன். தவளை என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஏறினாள். தெருமுனையில் திரும்பும்போது விழுந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை, அக்கா. எழுந்திருக்காமல் இருக்க வாசற்படியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் தூக்க வருவேன் என்று அவள் என்னையே பார்த்தாள். நானும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினாள். சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கும்போது கடைசி மூன்று படியைத் தாவினாள். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அத்தைக்குக் கையில் என்ன என்று அவளிடம் சொல்லிவிட்டேன். லாரி கீரி எதுவும் இல்லை, உள்ளதையே சொன்னேன். மெதுவாகத் தொட்டால் அத்தைக்குத் தெரியாது, கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்றேன். "எவ்வளவு கெட்டியா?" என்று கேட்டு என் கையைப் பிடித்தாள். "இன்னும்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். அவள் நகம் என் கையில் பதிந்துவிட்டது.

"இவ்வளவு போதுமாப்பா?" என்றாள்.

எனக்குத் தெரியாது, சனிக்கிழமை அத்தையையே கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி